முறத்துல சரிஞ்ச இமயமலை

வா கண்ணு, உக்காரு. அந்தப் பையை அக்கட்டால வை. ஆள் உசரம் இருக்குது, அதுக்கே தனியா ஒரு டிக்கெட் எடுக்கோணும்போல. என்ன வெலை? பதினெட்டாயிரமா! நான் மொத லாரிக்குக் குடுத்த அச்சாரமே அவ்வளவு இல்ல. சரி, பை நல்லாத்தான் இருக்குது. உள்ள புத்தியும் வெச்சுத் தெச்சிருக்கறானா, இல்ல அதுக்குத் தனி பில்லா?

உகாதிக்கு எல்லாரும் வேப்பம்பூவும் வெல்லமும் திங்கையில நீ உத்தரகாசிக்கு மேல எங்கயோ பதினாலாயிரம் அடிக் கணவாயில நிக்கப் போறே. கூட பத்துப் பேரு, அத்தனையும் உன்ற ஆபீசு. உங்கம்மா நேத்து ராத்திரி போன்ல அழுதா. "மாமா, நீங்க சொன்னாத்தான் கேப்பான், போகவேண்டாம்னு சொல்லுங்க"ன்னா. நான் சொல்லமாட்டேன். போகாதேன்னு சொன்னா நீ கட்டாயம் போவே. உங்கப்பனும் அப்படித்தான், அவனைப் பெத்தவனும் அப்படித்தான். அதனால நல்லாப் போ. பனியில எப்படிச் சாகறதுன்னு மட்டும் ஒளிவுமறைவில்லாம சொல்லித் தர்றேன். அதை உட்டுட்டு மத்ததெல்லாம் பண்ணிக்க.

சிரிக்கறே பாரு. "அப்பாரு, நீங்க பனியைப் பார்த்ததே ஃப்ரிட்ஜுலதானே"ங்கறே. ஆமாங்கண்ணு. ஆனா முப்பது வருசம் ஈரோட்டு மஞ்சளை ஏத்திட்டு திம்பத்துல ஏறி எறங்கியிருக்கறேன். 27 கொண்டை ஊசி வளைவு. மலை எப்போ மொறைக்கும், எப்போ சும்மா இருக்கும்னு லாரிக்காரன் காலுக்கு ஓரளவு தெரியும். மிச்சம் நம்ம அடுத்த ஊட்டு சுபேதார் புண்ணியம். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டு, வெலிங்டன்ல பயிற்சி, சியாச்சின்ல காவல். காலையில ஆறு மணிக்கு டான்னு இந்தத் திண்ணைக்கு வந்துருவாரு. ஒரு டம்ளர் காப்பிக்கு ஒரு மலைக் கதைன்னு பேச்சு. இருபது வருசமா குடிக்கறாரு. எத்தனை கதைன்னு உன்ற கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரு.

நாம இருக்கற மைசூருக்கும் இமயமலைக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லைன்னு நினைக்காதே. அந்த மலையை அளந்த கதையே இந்தா இருக்கற ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சண்டையில இருந்துதான் கெளம்புது. 1799ல திப்புவோட சண்டை போட வந்த பட்டாளத்துல லாம்டன்னு ஒரு வெள்ளைக்காரன். ஒரு நா ராத்திரி அவங்க படை இருட்டுல திசை தெரியாம நேரா எதிரி பக்கமே நடந்திருக்குது. இவன் மேல அண்ணாந்து நட்சத்திரத்தைப் பார்த்துட்டு, "ஐயா, நாம தப்புத் தெசையில போறோம்"னு தளபதிகிட்டச் சொல்லியிருக்கறான். அதே ஆள்தான் 1802ல பரங்கிமலைக்கிட்ட நெலம் அளக்க ஆரம்பிச்சது. அந்த அளவை வடக்கால போயிப் போயி, கடைசியில எவரெஸ்ட்டையே அளந்துது. எதுக்குச் சொல்றேன்னா, அவன் அண்ணாந்து பார்த்தான். நீங்க குனிஞ்சு போனைப் பார்த்துட்டே நடப்பீங்க. கூட்டத்தோட போறோம், முன்னால போறவனுக்குத் தெரியும்னு. முன்னால போறவனும் அவனுக்கு முன்னால போறவனைத்தான் நம்பியிருப்பான்.

இரு, அந்த முறத்தை எடு. சர்க்கரை டப்பாவையும் எடு. உங்க ஆத்தா கோயிலுக்குப் போயிருக்கறா, வெசையா வா. அப்படியே அரிசி மாவு ரெண்டு கிண்ணம்.

இப்போ பாரு. முறத்துல மொதல்ல சர்க்கரையைப் பரப்பறேன். இது குளிர்காலத் தொடக்கத்துல விழுந்த மொதப் பனி. தரையோட ஒட்டிக் கெடந்து, கீழ தரைச் சூடும் மேல ராத்திரிக் குளிரும் பட்டுப் பட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம மணிமணியா ஆயிரும். சுபேதார் பட்டாளத்துலயே அதைச் சர்க்கரைப் பனின்னுதான் சொல்லுவாங்களாம். அது மேல தையிலயும் மாசியிலயும் கனத்த பனி விழும், காத்து அடிச்சு அடிச்சு பலகையாட்ட இறுக்கும். அதுக்கு இந்த மாவு. கையில தட்டித் தட்டி அமுக்கறேன், பார்த்துக்க. மேல இருந்து பார்த்தா என்ன தெரியுது? வெள்ளையா, சமமா, கெட்டியா, படுத்துத் தூங்கலாம்போல இருக்குது. அடியில சர்க்கரை இருக்கறது தெரியுதா உனக்கு?

இப்போ முறத்தைத் தூக்கறேன். ஒண்ணும் ஆகலை. இன்னுங்கொஞ்சம். ஆகலை. நம்ம மங்களூர் ஓட்டுக் கூரைச் சரிவு வந்தாச்சு. அந்த மாவு மேல உன்ற வெரலை மெல்ல வை. மெல்லன்னா.

அட, என்ற வேட்டி!

பார்த்தியா? தூளாச் சிந்தலை. மேல குறுக்கால கோடு போட்டாப்புல ஒரு கீறல், அடுத்த நொடியில மொத்தப் பாளமும் எறங்கிருச்சு. நீ வெரல் வெச்ச எடம் கீழ, கீறல் உட்டது மேல. அதாவது பெரும்பாலும் உன்ற தலைக்கு மேல இருந்துதான் வரும். 30 டிகிரியில இருந்து 45 வரைக்கும்தான் பெரும்பாலும் இந்தக் கூத்து. நடுவால 38 பக்கம் நெம்ப மோசம். 30க்குக் கம்மின்னா நழுவறது அபூர்வம். ரொம்பச் செங்குத்துன்னா பனி நிக்காது, அப்பப்போ உதிர்ந்துரும். மனுசனுக்கு ஏற இறங்க ஆசையா இருக்கற சரிவும் பாழாப்போன இந்தச் சரிவுதான். உன்ற போன்லயே சரிவு அளக்கற கருவி இருக்குதாம், அதை ஒருக்கா தொறந்து பாரு. செல்ஃபியைப் பொறவு எடுத்துக்கலாம். நீ நடக்கறது சமதரையா இருந்தாலும் மேல அந்தக் கூரை இருக்குதான்னு பாரு. கூரை ஒழுகினா திண்ணையில இருக்கறவன்தானே நனைவான்?

இன்னொண்ணு. மலையேறப் போயிப் பனிச்சரிவுல மாட்டினவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேரு அவங்களே கால் வெச்சோ, கூட வந்தவன் கால் வெச்சோ கெளப்பி உட்டதுதான். மலை பாட்டுக்குச் சும்மா இருந்துது. உன்ற வெரல் மாவைக் கெளப்பி உட்ட மாதிரி. ஆனா மலைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, சில சமயம் சொல்லிட்டுத்தான் செய்யும். காலடியில ‘உம்ம்’னு ஒரு அமுங்கின சத்தம் வரும், உங்க ஆத்தா கோவத்துல செருமற மாதிரி. கால் வெச்ச எடத்துல இருந்து கீறல் ஓடும். பக்கத்துச் சரிவுல புதுசா எறங்கின தடம் தெரியும். ஆத்தா செருமினா நாம என்ன பண்ணுவோம்? வாயை மூடிட்டு வந்த வழியே போயிருவோமா இல்லியா? அங்கயும் அதேதான்.

இதெல்லாம் குளிர்காலக் கதை. நீ போறது பங்குனியில. அது வேற வித்தை. வெயில் வந்துருச்சு, இனிப் பனிக்குப் பலமில்லைன்னு உங்க வாட்ஸப் குரூப்புல ஒருத்தன் எழுதியிருக்கறானாமே, அவன் வாயில சர்க்கரையைப் போடு. மிச்சம் இருக்குது.

புட்டுக்கு மாவு பெசையறதைப் பார்த்திருக்கறியா? வறட்டு மாவுல தண்ணி தெளிச்சா, பிடிச்சா பிடிக்கும், உதிர்த்தா உதிரும், அது பதம். இன்னும் ரெண்டு கை தண்ணி உட்டுப் பாரு. கொழகொழன்னு ஓடிரும், அப்புறம் அது புட்டு இல்ல, கூழு. பங்குனி வெயில் பனிக்கு அதைத்தான் பண்ணுது. மேல உருகின தண்ணி உள்ளுக்குள்ள எறங்கி, மணிக்கும் மணிக்கும் இருந்த ஒட்டை அறுத்துரும். 2021ல நம்ம சாமுண்டி மலையில நந்திக்குப் போற ரோடு மழையில சரிஞ்சுது பார்த்தியே, அதுவும் தண்ணி உள்ள எறங்கின வேலைதான். அங்க மண்ணு, இங்க பனி. ஈரப் பனி மெதுவாத்தான் வரும்னு எளக்காரம் பண்ணாதே. நின்ன பொறவு சிமெண்ட்டாட்டம் இறுகிரும், வெரலை அசைக்க முடியாது.

அதனால கடிகாரம்தான் உசுரு. ராத்திரி நல்லா ஒறைஞ்சா, விடியக்காலம் பனி அச்சு வெல்லமாட்டம் கெட்டியா இருக்கும். அப்போ நட. சியாச்சின்லயும் நகர்றதெல்லாம் பெரும்பாலும் வெயிலுக்கு முன்னாலதான்னு சுபேதார் சொல்லுவாரு. வெயில் மொதல்ல கெழக்குச் சரிவுல அடிக்கும், உச்சியில தெக்குச் சரிவு, சாயங்காலம் மேக்கு. எந்தச் சரிவுல வெயில் எறங்குதோ அதைவிட்டு நீ முந்தி எறங்கிரோணும். கால் கணுக்கால் தாண்டி அமுங்கினா, பாறை ஓரத்துல இருந்து பனி தானா உருண்டு உருண்டு லட்டாட்டம் வந்தா, பனி மேல மழை பெய்ஞ்சா, முந்தின ராத்திரி மேகம் மூடி ஒறையாமயே விடிஞ்சா, அன்னைக்கு மலைக்கு லீவுன்னு வெச்சுக்க. நீ எத்தனை மணிக்கு எந்திரிப்பே? ஞாயித்துக்கிழமை பதினோரு மணி! பங்குனிப் பனிக்கு உன்னையாட்ட மாப்பிள்ளைன்னா கொள்ளைப் பிரியம் கண்ணு.

கதை வேணுமா? 2023 ஏப்ரல் 4. சிக்கிம்ல காங்டாக்ல இருந்து நாதுலாவுக்குப் போற ரோட்டுல, உச்சி வேளையில பனி எறங்குச்சு. 7 சுற்றுலாக்காரங்க போயிட்டாங்க. அன்னைக்கு 13வது மைல் வரைக்கும்தான் அனுமதி; ஆனா ஆளுங்க 15வது மைலுக்குப் போயிருக்கறாங்க. ரெண்டே மைலு. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்"னு நம்ம ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிப் பழகிட்டோம். ஆட்டோக்காரன் கேப்பான், ஆபீசர் கேப்பான். பனிக்குக் கன்னடமும் தெரியாது, தமிழும் தெரியாது. நம்ம தேனிப் பக்கம் குரங்கணியில 2018 மார்ச்சுல மலையேறப் போனவங்களைத் தீ சூழ்ந்துதே, அங்கயும் காட்டுக்குள்ள போக அனுமதி இல்லாத பேச்சுத்தான் முன்னால வந்துது. மாசி பங்குனியில எந்த மலைக்கும் நல்ல புத்தி கெடையாதுபோல.

2021 ஏப்ரல் 23, உத்தராகண்ட்ல நீத்திப் பள்ளத்தாக்குல சும்னாங்கற எடத்துல ரோடு போடறவங்க முகாம் மேல சாயங்காலம் 4 மணி வாக்குல எறங்குச்சு. அஞ்சு நாளா மழையும் பனியுமா கொட்டின பொறவு. பட்டாளம் 384 பேரைக் காப்பாத்துச்சு, காப்பாத்த முடியாதவங்களும் இருந்தாங்க. அதுக்காக காலையில வராதுன்னு மலை ஒண்ணும் பத்திரம் எழுதிக் குடுக்கலை. 2025 பிப்ரவரி 28ல அதே உத்தராகண்ட்ல மாணாகிட்ட விடிஞ்சும் விடியாம வந்து 54 தொழிலாளிங்களை மூடிருச்சு, 8 பேரு செத்தாங்க. புதுப் பனி கொட்டற நேரத்துல கடிகாரம் செல்லாது. புதுசாக் கொட்டினா ஒண்ணு ரெண்டு நாள் அப்படியே உட்டுரு. கல்யாணமான புதுசுல மாப்பிள்ளையை உட்டுர்ற மாதிரி, தானா அடங்கும்.

சண்டிகர்ல ராணுவ ஆராய்ச்சிக்காரங்க ஒரு ஆபீசு வெச்சுப் பனிச்சரிவு எச்சரிக்கை போடறாங்க. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் ஆபத்துக்கு நம்பர். நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். மூணுன்னு போட்டா, நடுவாலதானே, பாஸ் மார்க்குன்னு கெளம்பிருவே. ஆல்ப்ஸ் மலைப் பக்கம் அதிகம் பேரு செத்ததே இந்த மூணுலதானாம். அஞ்சுன்னா எவனும் போகமாட்டான். மூணுதான் ஆளை முழுங்கற நம்பர்.

சித்தெ இரு, இதைச் சிரிக்காம கேளு.

2016 பிப்ரவரி 3. சியாச்சின்ல 19,600 அடியில சோனம் காவல் எடம். பனிச்சுவர் ஒண்ணு இடிஞ்சு எறங்குச்சு. சுபேதாரோட ரெஜிமெண்ட்டு, 19 மெட்ராஸ். உள்ள பத்துப் பேரு. அதுல ஒரு பையன் மகேஷா, நம்ம எச்.டி.கோட்டைப் பக்கம். இங்க இருந்து பஸ்ஸுல ஒண்ணரை மணி நேரம். ஹாசன்காரர் ஒருத்தர். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரின்னு தமிழ்நாட்டுப் பசங்க நாலு பேரு. தார்வாட் பக்கத்து ஹனுமந்தப்பா கொப்பத்தை அஞ்சு நாள் கழிச்சு உசுரோட தோண்டி எடுத்தாங்க. இருபத்தஞ்சு அடிக்கு மேல பனிக்குள்ள கெடந்திருக்கறார். கூடாரத்துக்குள்ள கொஞ்சம் காத்து தங்கியிருந்ததால அத்தனை நாள். நாடே டிவி முன்னால உக்காந்து வேண்டுச்சு. 11ஆம் தேதி டெல்லி ஆஸ்பத்திரியில போயிட்டார். மறுநாக் காலையில சுபேதார் காப்பி குடிக்க வந்தாரு. டம்ளரைக் கையில வெச்சுட்டே இருந்தாரு, குடிக்கலை. உங்க ஆத்தா ரெண்டு தடவை சுட வெச்சுக் குடுத்தா. கதையும் சொல்லலை.

அவங்க அங்க நின்னது வேலை. நீ போறது லீவு போட்டுட்டு. அந்த வித்தியாசம் மட்டும் ஞாபகம் இருந்தாப் போதும்.

சரி, பையைத் தொற. என்னென்ன இருக்குது? பாட்டு கேக்கற பெட்டி ரெண்டு. காப்பி போடற குழாய். ஆறு டீ-சட்டை, அதுல ஒண்ணுல ‘மலை அழைக்கிறது’ன்னு எழுதியிருக்குது. அழைச்சா அழைக்கட்டும், நீ போனை எடுக்காதே. மண்வெட்டி எங்க? சின்னதா, மடக்கற மாதிரி ஒண்ணு உண்டே. குத்திப் பார்க்கற நீளக் கம்பி? நெஞ்சுல கட்டிக்கற ரேடியோ பெட்டி? இந்த மூணும் ஒரு குடும்பம். நீ புதைஞ்சா பெட்டி எந்த எடம்னு சொல்லும், கம்பி எத்தனை ஆழம்னு சொல்லும், மண்வெட்டி தோண்டும். ஒண்ணு இல்லைன்னா மத்தது ரெண்டும் அலங்காரம். வாடகைக்குக் கெடைக்கும்னு சுபேதார் சொல்றாரு. வாங்கிப் பழகிட்டுப் போ, ஊட்டுக்குப் பின்னால மணல்ல பெட்டியைப் புதைச்சுத் தேடிப் பாரு.

ஆனா ஒரு சூட்சுமம் இருக்குது. உன்ற மண்வெட்டி உனக்குப் பிரயோசனமே இல்ல. பனிக்குள்ள இருக்கறவன் எங்க தோண்டறது? உன்னைத் தோண்டப்போறது உன்ற கூட்டாளியோட மண்வெட்டி. பத்து நிமிசத்துக்குள்ள எடுத்தா பத்துல ஒம்பது பேரு பொழைக்கறாங்க. அரை மணி தாண்டினா மூணுல ஒருத்தன். டேராடூன்ல இருந்து ஹெலிகாப்டர் வர்றதுக்குள்ள அதெல்லாம் முடிஞ்சுரும். அதனால கூட்டாளியைப் பார்த்துச் சேரு. வாங்கின கடனைத் திருப்பிக் குடுக்கறவனா, சாப்பிட்டு முடிச்சதும் பில் வர்ற நேரம் பாத்ரூம் போறவனா? பில்லுக்கு ஓடறவன் பனிக்கும் ஓடுவான்.

சரிவைக் குறுக்கால தாண்டோணும்னா ஒவ்வொருத்தனாப் போங்க, மத்தவன் பத்திரமான எடத்துல நின்னு பார்த்துட்டே இருக்கோணும். பதினோரு பேரும் கல்யாண ஊர்வலமாட்டம் ஒண்ணாப் போனா, புதைஞ்சாலும் ஒண்ணாத்தான். தோண்ட ஆள் வேண்டாமா? மலை விளிம்புல பனி தாழ்வாரமாட்டம் வெளிய நீட்டிட்டு இருக்கும். அதுக்கு அடியில அஸ்திவாரம் கெடையாது. அங்க நின்னு ரெண்டு கையையும் விரிச்சு போட்டோ எடுக்கறது உங்க தலைமுறைக் கண்டுபிடிப்பு.

இத்தனையும் படிச்சவங்களுக்குத் தெரியாமயா இருக்குது? 2024 ஜூன்ல உத்தரகாசிக்கு மேல சஹஸ்திர தால் ஏரிக்குப் போன 22 பேர்ல பெரும்பாலானவங்க நம்ம கர்நாடகத்துக்காரங்க. பலரும் மலை ஏறிப் பழகினவங்கதான். திரும்பற வழியில பனிப்புயல், 9 பேரு வரலை. அது பனிச்சரிவு இல்ல, குளிரும் காத்தும். மலைக்கு ஆயுதம் ஒண்ணு ரெண்டு இல்ல. அதனாலதான் சொல்றேன், தெரிஞ்சவனுக்கும் திரும்பற நேரம்னு ஒண்ணு மொதல்லயே எழுதி வெச்சிருக்கோணும். மேல போன பொறவு யோசிச்சா ஆசைதான் யோசிக்கும், மூளை கீழயே நின்னுரும். ஒருத்தன் வேண்டாம்னு சொன்னா மத்த பத்துப் பேரும் எறங்கோணும். லீவு போச்சு, காசு போச்சு, இன்னும் அரை மணி நேரம்தானேன்னு பேசறவன் இருப்பான். அவனைச் சும்மா உட்டுராதே, ஆனா பேச்சையும் கேக்காதே.

அந்தப் பேச்சு எனக்கு எப்படித் தெரியும்ங்கறியா? கிட்ட வா. உங்க ஆத்தாகிட்டச் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு.

உங்கப்பன் மூணாங்கிளாஸ் படிக்கையில. ஐப்பசி மழை. திம்பம் அடிவாரத்துல, பண்ணாரியில லாரிங்க வரிசையா நிக்குது. மேல இருந்து எறங்கின டிரைவருங்க, "அண்ணா, மண்ணு ஊறிக் கெடக்குது, விடியட்டும்"னாங்க. எனக்கு மைசூருல விடியறதுக்குள்ள லோடு எறக்கோணும், இல்லைன்னா வாடகையில பிடிப்பாங்க. அரை மணி நேரம்தானே, ஏறிட்டாப் போச்சுன்னு நானே எனக்குச் சொல்லிட்டேன். க்ளீனர் பையன் வேண்டாம்னான். பதினாறு வயசு அவனுக்கு. "நீ டிரைவரா நான் டிரைவரா"ன்னேன். பதினேழாவது வளைவுல முன்னால ஒரு மண்சரிவு, திருப்பலாம்னு பார்க்கறதுக்குள்ள பின்னால ஒரு சரிவு. ராத்திரி முச்சூடும் நடுவால நின்னோம். கல்லு ஒவ்வொண்ணா வர்ற சத்தம், லாரித் தகரத்துல ஒண்ணு பட்டுது. தார்ப்பாய் கிழிஞ்சு மஞ்சள் நனைஞ்சு மேல இருந்து ஒழுகுது. அந்தப் பையன் அழுகலை, ஒரு வார்த்தை குத்திப் பேசலை. அதுதான் இன்னும் உறுத்துது. ஊட்டுக்கு வந்து பண்ணாரியிலயே படுத்துட்டு காலையில கெளம்பி வந்தேன்னு உங்க ஆத்தாகிட்டச் சொன்னேன். நல்ல புத்திசாலின்னு ரெண்டு தோசை அதிகமா ஊத்தினா.

அதனால நமக்குள்ள ஒரு பந்தயம். நீ அந்தக் கணவாயைத் தாண்டிட்டு வந்தா உனக்குக் கால் கிலோ மைசூர்பாகு. பாதியில திரும்பி வந்தா ஒரு கிலோ, நெய் சொட்டறது, நானே தேவராஜா மார்க்கெட் பக்கம் நடந்து போயி வாங்கிட்டு வர்றேன். ஏன் திரும்பினேன்னு கேக்கமாட்டேன். உன்ற ஆபீசுல எவனாவது சிரிச்சா அவனுக்கும் ஒரு துண்டு குடு.

யாரு, கதவுகிட்ட? வந்துட்டியா! எப்போ வந்தே? அப்போ இருந்தேவா... இல்லம்மா, சும்மா பையனுக்கு மலைக் கதை. சர்க்கரை அது வந்து, பாடத்துக்கு. என்னது? சட்டையா? எந்தச் சட்டை?

பண்ணாரியிலயே படுத்துத் தூங்கினவன் சட்டை முதுகு முச்சூடும் எப்படி மஞ்சளாச்சுன்னு அன்னைக்கே... மூணு நாள் ஊற வெச்சும் போகலையா? அப்புறம் ஏன் இத்தனை வருசமா ஒரு வார்த்தை கேக்கலை நீ? தோசை வேற ஊத்தினே!

கண்ணு, நீ பையைத் தூக்கிட்டுக் கெளம்பு. செருமறா பாரு. முறத்தை நானே கழுவிக்கறேன்.